முப்பத்தேழாவது கட்டம்

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அந்த இரண்டு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப் பிழைத்தவள் நான்.

என் பெயர் சியே லீன்-யிங். சீனத்தில் மூன்று எழுத்து. நடு எழுத்து ரொம்ப அபூர்வம். எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாலும் அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம்தான் வரும். ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயரே 'கட்டம்'.

தைவானின் கீலுங் மலையில், இறந்தவர்களின் அஸ்தியை வைக்கும் ஒரு கோபுரம். அதன் வெப்சைட் வேலை எங்களுடையது. அன்று, பேய்கள் வெளியே உலவும் ஏழாம் மாதத்தின் பௌர்ணமி. மதியம் மூன்று மணிக்குப் பிக்குணி அம்மா திரையைப் பார்த்து, இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பார். அழைத்தால்தான் அவர்களுக்குச் சோறு. பழைய சாஃப்ட்வேரில் முப்பத்தாறு பெயர்கள் கட்டம் கட்டமாக வந்ததால், ஆறு வருடமாக அவர்களை யாரும் அழைக்கவில்லை. புது வெர்ஷன் ஏற்றி, அபூர்வ எழுத்துகளுக்கான ஃபான்ட்டைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

1.30. தரைக்குக் கீழே சர்வர் ரூம். மெஷின் அடம்பிடிக்காமல் இருக்க, நாங்கள் எல்லோரும் செய்வதுபோல, அதன் தலையில் ஒரு பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை வைத்தேன். பிரிக்காத, உப்பலான பாக்கெட். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

1.52. போன். ஆபீஸிலிருந்து குவோ-சியாங்.

"ஏய் கட்டம், முடிச்சிட்டியா?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வாய் வலிக்குமாடா தடியா?"

"ஏழாம் மாசம்டி! பேர் சொல்லிக் கூப்பிட்டா நீ பாட்டுக்கு 'இருக்கேன்'னு பதில் சொல்லிடுவே. எதுவாவது கூட்டிட்டுப் போயிடும்."

சிரித்தேன். லைன் கட்டானது. அதன்பிறகு அந்த போனில் உயிரே இல்லை.

2.10. புது வெர்ஷன் ஏறியது. கட்டம் விழுந்த பெயர்களை எண்ணினேன். முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு.

2.21. ஃபான்ட்டைச் சேர்த்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுத்தாயின. கடைசிப் பெயர்…

சியே லீன்-யிங்.

என் எழுத்தை முதல்முறையாக ஒரு திரையில் முழுசாகப் பார்த்தேன். ஐயோ… இறந்தவர்கள் பட்டியலில்!

அழித்தேன். வந்தது. அழித்தேன்… வந்தது.

2.40. கதவுக்கு ஓடினேன். கார்டை வைத்தேன். திறக்கவில்லை. குத்தினேன், உதைத்தேன், தொண்டை கிழியக் கத்தினேன். சுவரிலிருந்த ஸ்பீக்கரில், மேலே மந்திரம் ஓதும் சத்தம் மட்டும் வந்தது. திரும்பினேன். பச்சைப் பாக்கெட் சப்பையாகக் கிடந்தது. ஒட்டு பிரியவில்லை. உள்ளே ஒன்றுமில்லை.

2.58. பெயரை அழிக்க முடியவில்லை. எழுத்தை அழிக்கலாமே? ஃபான்ட்டையே தூக்கிவிட்டால் கட்டமாகிவிடும். கட்டத்தை யார் வாசிக்க முடியும்? ஆனால் அந்த முப்பத்தாறு பேர்… மறுபடி பட்டினி.

எனக்கு என் உயிர் பெரிசு. தூக்கிவிட்டேன்.

முப்பத்தேழும் கட்டமாயின.

3.24. ஸ்பீக்கரில் பட்டியல், கடைசியில் இருந்த கட்டப் பெயர்களுக்கு வந்துவிட்டது…

கர்ர்ர்…

நின்றது.

'டக்.'

கதவு திறந்தது.

மேலே ஓடினேன். பிக்குணி அம்மா முன்னால் மண்டியிட்டு அழுதேன்.

"மன்னிச்சிடுங்கம்மா. எல்லாத்தையும் மறுபடி கட்டமாக்கினது நான்தான்."

"என்ன கட்டம்? எழுத்தெல்லாம் பளிச்சுனு வந்துச்சேம்மா. முப்பத்தேழு பேரையும் கூப்பிட்டேன்." சிரித்தார். "கடைசியா ஒருத்திக்கு உன் பேரே இருந்துச்சு. கூப்பிட்டதும் கீழேர்ந்து 'இருக்கேன்'னு குரல் கொடுத்தியே… இங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

அவர் கூப்பிட்ட நேரத்தில் நான் வாயே திறக்கவில்லை.