இறக்கத்தில் நியூட்ரல்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் சாய்தளம் என்று ஒரு பகுதி வரும். ஒரு சரிவு, அதன் மேல் ஒரு பெட்டி. பெட்டியின் எடையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று தளத்தை அழுத்தும். இன்னொன்று பெட்டியைக் கீழே இழுக்கும். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் அதை வருடா வருடம் நடத்துகிறேன். கரும்பலகையில் முக்கோணம் போட்டு, அம்புக்குறி போட்டு, 'உராய்வு இல்லை எனக் கொள்க' என்று சொல்லி முடித்துவிட்டு, மணி அடித்ததும் சாப்பிடப் போய்விடுவேன். அந்தப் பெட்டிக்குள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறார். முதலாளி வண்டி. கர்நாடகாவிலிருந்து மக்காச்சோளம் ஏற்றிவந்து இங்குள்ள கோழித் தீவன ஆலைகளில் இறக்குவது அவர் வேலை. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்பதுதான் மானப் பிரச்சினை. கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். ஒரே கம்பெனி வண்டி, ஒரே பாரம், ஒரே ரோடு; அதில் இவன் மட்டும் எப்படிக் கூடுதலாக ஓட்டுகிறான் என்று நாலு பேர் கேட்டுவிட்டால் போதும், அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று நானும் கேட்டதில்லை. நேரில் பார்க்கும்வரை.

போன வருடம் ஓசூரில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. முடிந்து கிளம்பிய அன்று காலை பண்டிகைக் கூட்டம். எந்தப் பேருந்திலும் கால் வைக்க இடமில்லை. அண்ணன் பாரம் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார். போன் செய்ததும், "அங்கயே நில்லு சாமி, நான் வந்து ஏத்திக்கறேன்" என்றார். சிறு வயதிலிருந்து என்னை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் ஆன பிறகு, கிண்டல் செய்யும்போது மட்டும் 'டீச்சர்'.

கேபினில் உட்கார்ந்து வருவது எனக்குப் பிடித்திருந்தது. உயரம், காற்று, அண்ணனின் பேச்சு. கிருஷ்ணகிரி தாண்டி, தர்மபுரி தாண்டி, தொப்பூர் கணவாயின் உச்சிக்கு வந்தோம். அங்கிருந்து சேலம் பக்கம் நீளமான இறக்கம். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று பல மொழிகளில் பலகை வைத்திருந்தார்கள். நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனின் இடது கை கியர் கம்பியை நடுவில் கொண்டுவந்து விட்டது. அதுவரை உறுமிக்கொண்டிருந்த எஞ்சின், மிக்ஸியை நிறுத்தியதுபோல அடங்கிப்போனது.

"அண்ணா, நியூட்ரல்லயா போட்டீங்க?"

"ஆமாஞ்சாமி. எறக்கந்தான? வண்டி தானாப் போவுது. சும்மா எதுக்கு டீசல எரிக்கோணும்?"

"பலகைய நீங்க பாக்கலீங்களா?"

"அது புதுசா வர்றவனுக்கு" என்று சிரித்தார். பிறகு எனக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னார்: "நீயே சொல்லு. அக்கட்டக் கர்நாடகாவுல இருந்து இந்த மேட்டுக்கு ஏத்திக் கொண்டுட்டு வர எத்தன டீசல் குடிச்சுது? ஏறும்போது குடுத்தத எறங்கும்போது திருப்பி வாங்கிக்கோணுமில்ல? அதுதானே நாயம்."

அவர் சொன்னது சரிதான். ஆற்றல் அழிவதில்லை என்று நான் வருடக்கணக்கில் நடத்துகிற பாடத்தை இதைவிடச் சுருக்கமாக என் மாணவர்கள் யாரும் எழுதியதில்லை. எரித்த டீசலில் ஒரு பங்கு, பாரத்தோடு சேர்ந்து மேட்டின் உச்சியில் நிலை ஆற்றலாக நிற்கிறது. இறங்கும்போது அது திரும்ப வரத்தான் செய்யும். ஆனால் அது மொத்தமாக வரும். வேண்டிய அளவு வாங்கிக்கொண்டு மிச்சத்தை அப்புறம் கொடு என்று சொல்ல முடியாது. கியரில் இருந்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுத்து, அதில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். நியூட்ரலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. முழுவதையும் பிரேக்தான் வாங்கியாக வேண்டும். வாங்கி வாங்கிச் சூடாகி, ஒரு கட்டத்தில் அதனால் பிடிக்க முடியாமல் போகும்.

இதையெல்லாம் நான் சொன்னேன். ஓடுகிற வண்டியில், முன்கண்ணாடியில் ரோடு மேலே எழும்பி வந்துகொண்டிருக்கும்போது, வகுப்பில் சொல்வதைப்போலவே சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்றார் அண்ணன்.

முன்னால் ஒரு டிரெய்லர் ஊர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். 'புஸ்' என்று காற்று இறங்கியது. மறுபடி மிதித்தார், மறுபடி 'புஸ்'. பிரேக்குக்கான காற்றழுத்தத்தைக் காட்டும் முள் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் இறங்கியது. பிரேக் லைனர் கருகும் வாசனை கேபினுக்குள் வந்தது. "கியருக்கு மாத்துங்கண்ணா" என்று கத்தினேன். "இந்த வேகத்துல கியர் உளுகாது சாமி, பேசாம உக்காரு" என்றார். அவர் குரலில் அப்போது சிரிப்பு இல்லை. என் கால் என்னையறியாமல் தரைத்தகட்டை மிதித்துக்கொண்டிருந்தது, அங்கே ஒரு பிரேக் இருப்பதைப்போல. பாரம், சரிவு, வேகம் எல்லாம் தெரியும். கணக்குப் போடவும் தெரியும். போட்டு என்ன செய்வது? நானும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தேன்.

டிரெய்லர் இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டது. அண்ணன் அதை ஒட்டி வெட்டி முன்னால் போனார். வளைவு முடிந்து ரோடு மட்டமானது. வண்டி தானாக வேகம் குறைந்து, ஒரு டீக்கடை முன்னால் போய் நின்றது.

கீழே இறங்கி சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொடவே முடியவில்லை, ஒரு முழம் தள்ளி நின்றபோதே அனல் அடித்தது. "இதாங்கண்ணா நீங்க திருப்பி வாங்குனது" என்றேன். அழுகை வந்துவிட்டது. டீக்கடையில் எல்லோரும் பார்த்தார்கள். அண்ணன் எனக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, சின்னப் பிள்ளையைத் தேற்றுவதுபோல முதுகில் தட்டினார். "ஒன்னியும் ஆகுல பாரு. வருசக்கணக்கா இப்படித்தான் எறங்கறேன். ஆகறதா இருந்தா எப்பவோ ஆயிருக்கோணுமில்ல?"

ஒவ்வொரு முறை பத்திரமாக இறங்குவதும் அவருக்கு ஒரு சாட்சி. என் பக்கம் சாட்சி சொல்ல ஒன்று நடக்க வேண்டும். அது நடக்கக் கூடாது என்றுதான் நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அந்த வாரம் முழுக்கக் கோபமாகவே இருந்தேன். பதினோராம் வகுப்பில் சாய்தளத்தை மறுபடி எடுத்தேன். பெட்டியை அழித்துவிட்டு, லாரி படம் போட்டேன். பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் இறங்குகிறது. கியரில் இறங்கினால் ஆற்றல் எங்கே போகும், நியூட்ரலில் இறங்கினால் எங்கே போகும்? எல்லோரும் எழுதினார்கள். எல்லோரும் சரியாக எழுதினார்கள். பிரேக்கில் வெப்பமாகும், உராய்வு குறையும், ஆகவே ஆபத்து. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. யார் வீட்டில் லாரி ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். பாதி வகுப்பு கையைத் தூக்கியது. நாமக்கல்லில் அது அதிசயமில்லை.

"சரி, உங்க அப்பா எப்படி இறங்குவாங்க?"

"நியூட்ரல்தானுங்க மிஸ்" என்றார்கள், ஒரே குரலில், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நன்றாகப் படிக்கிறவள். "பரீட்சைக்கு கியர்ல எறங்கறதுதான் சரின்னு எழுதட்டுங்களா மிஸ்?"

"வீட்டுல போய் அப்பாகிட்டச் சொல்லு" என்றேன்.

"சொன்னா வையுவாருங்க மிஸ்."

உட்காரச் சொன்னேன். முழு மதிப்பெண்ணும் போட்டேன்.

அண்ணனிடம் வேறு வழியாகப் போய்ப் பார்த்தேன். அண்ணன் ஓட்டுவதுபோல இப்போது வருகிற வண்டிகளில், கியரில் இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரில் காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசலே போகாது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, அவர் உயிரைப் பணயம் வைத்து மிச்சம் பிடிப்பதாக நினைப்பது மிச்சமே இல்லை. இதைத் தேடிப் படித்தபோது எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. மானப் பிரச்சினை மைலேஜ்தானே? மைலேஜே என் பக்கம் வந்துவிட்டது.

அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். நியாயஸ்தர்தான் அண்ணன். பொறுமையாகக் கேட்டார். "சரி, ஒரு நடை கியர்லயே எறங்கிப் பாக்கறேன்" என்றார். சொன்னபடி இறங்கவும் செய்தார். அந்த நடையில் பார்த்து வழியெல்லாம் எதிர்க்காற்று. சேலத்துக்கு இந்தப் பக்கம் பாலம் கட்டுகிற இடத்தில் வெகுநேரம் நெரிசலில் ஊர்ந்திருக்கிறார். மைலேஜ் குறைந்துபோனது.

"பாத்தயா சாமி" என்றார். குத்திக்காட்டவில்லை; எனக்காக வருத்தப்பட்டார். "உன்ர புஸ்தகத்துல எழுதுனவங்க என்ர வண்டிய ஓட்டிப் பாத்தாங்களா?"

எதிர்க்காற்று, நெரிசல் என்று நான் சொன்னதெல்லாம் சாக்குப்போக்காக அவருக்குக் கேட்டிருக்கும். எனக்கே அப்படித்தான் கேட்டது. அண்ணி அடுப்படிக்கு எழுந்து போனார். போகும்போது என்னிடம் மெதுவாக, "நானும் சொல்லிப் பாத்துட்டேங்க, உட்ருங்க" என்றார்.

என்னால் விட முடியவில்லை. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். இயற்பியல் படித்தவள் கடைசியில் வந்து நின்ற இடம் அதுதான். அண்ணன் சத்தியம் செய்யவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது. "சரி, இப்படிப் பண்ணலாம். கணவா உச்சிக்கு வந்ததும் உன்னக் கூப்புடறேன். காதுல மாட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டே கியர்ல எறங்கறேன். எஞ்சின் சத்தத்த நீயே கேட்டுக்கோ. போதுமா?"

போதும் என்றேன். ஓட்டும்போது போன் பேசுவது தப்பு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கிடைத்ததை வாங்கிக்கொண்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு நடையிலும் கூப்பிடுகிறார். உச்சியில் ஒரு 'வாரேன் சாமி'. பிறகு எஞ்சின் கியரில் பிடித்து முனகுகிற சத்தம், நீளமாக, வலியில் இருப்பதுபோல. அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். நடுவில் சிக்னல் போய்விட்டால் செத்துப் பிழைப்பேன். ஆசிரியர் அறையில் கிண்டல் செய்வார்கள்: "என்ன மிஸ், அண்ணன் கச்சேரியா?" இருக்கட்டும் என்று இருந்துவிடுவேன். மாதக்கணக்கில் இது ஒழுங்காக நடந்தது. ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டேன். என் மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடு எடுக்க எப்போது போகலாம், கிடா வெட்டை யார் பொறுப்பில் விடுவது என்று உற்சாகமாகப் பேசிக்கொண்டே இறங்கினார். எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது.

பாதியில் முனகல் நின்றது.

காற்று மட்டும் கேட்டது. அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை. "புள்ள அழுகும், நான் நல்லாப் புடிச்சுக்கறேன், நீ பயந்துக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கத்தலாம். கத்தினால் பதறிப்போய்க் கியரைத் தேடுவார். அந்த வேகத்தில் கியர் விழாது என்று அவரே சொல்லியிருக்கிறார். கை ஸ்டீயரிங்கை விட்டு, கண் ரோட்டை விட்டுப் போவதுதான் மிச்சமாகும். அவர் வேகத்தைக் குறைக்க நான் சேர்க்கக்கூடிய விசை ஒன்றுமில்லை. பதற்றத்தை வேண்டுமானால் சேர்க்கலாம். 'புஸ்' என்று காற்று இறங்கியது. கொஞ்சம் விட்டு மறுபடி 'புஸ்'. அண்ணன் தோட்டைப் பற்றிப் பேசினார். நான் 'ம்' கொட்டினேன். குரல் நடுங்காமல் இருக்க வேண்டுமே என்று பக்கத்தில் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன். 'ம்', 'ஆமாங்கண்ணா', 'சரிங்கண்ணா'.

கடைசியில் டீக்கடைப் பாட்டுச் சத்தம் கேட்டது. வண்டி நிற்பது தெரிந்தது.

"எறங்கியாச்சு சாமி" என்றார். "கியர்லயேதான் வந்தேன். கேட்டயில்ல?"

"கேட்டேனுங்கண்ணா" என்றேன்.

பொய் சொல்லாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அடுத்த நடையில் கணவாய் வரும்போது என்னைக் கூப்பிட மாட்டார்.