றொசாந்தியின் வயிறும் வல்லிபுரத்தாரின் மூச்சும்

நோயாளியை ஏற்றிப் பட்டி கட்டி முடித்ததும் றொசாந்தி சட்டைப் பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுப்பாள். நகத்தால் கீறி, அந்த எலுமிச்சை மணத்தை மூக்கு நிறைய ஒருதரம் இழுத்து, சிலுவை போட்டுக்கொண்டு அம்புலன்சுக்குள் ஏறுவாள். ஏறியதும் முன்பக்கம் பார்த்துச் சொல்வாள்: "கனிசியஸ் அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், வெட்டி வெட்டி ஓடாதேங்கோ."

"மெல்ல ஓடினா உன்ரை வயிறு தப்பும், ஆள் தப்பாது" என்பார் சாரதி கனிசியஸ். வான் ஒரு குதி குதித்துக் கிளம்பும்.

புத்தூர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் தாதி. வாகனம் ஓடத் தொடங்கினாலே அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கடுமையான வருத்தம் என்றாலே யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றத்தான் வேண்டும். இருக்கிற ஒரேயொரு டொக்டர் வானில் ஏறினால் ஆஸ்பத்திரியில் டொக்டரே இல்லை. ஆகவே றொசாந்தி ஏறுகிறாள்.

இத்தனைக்கும் அவள் குருநகர்க்காரி. தகப்பனும் தமையன்மாரும் கடலோடிகள். "சோழகக் காத்திலை ஆடுற வள்ளத்திலை இருந்து மீன்குழம்பும் சோறும் திண்டிருக்கிறன். கடல் எனக்கு ஒண்டும் செய்யாது. உந்த டீசலும் டெற்றோலும் மணக்கிற பெட்டிதான்" என்று எரிந்து விழுவாள். அவளோடு போன நோயாளிகளிடம் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். கை முறிந்த ஒருவர் முறியாத கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே போயிருக்கிறார். வயிற்றுக்குத்தோடு துடித்த ஒரு பெண் சத்தி எடுக்கத் தனக்கென்று கொடுத்த பையை அவளிடமே நீட்டி, "முதல் நீ எடு பிள்ளை, என்ரையைப் பேந்து பாப்பம்" என்றாளாம்.

போன மாரிக்கு முன் ஒரு காலை. வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த வல்லிபுரம் என்ற பெரியவரை நாகம் கொத்திவிட்டது. கொண்டுவரும்போதே இமைகள் தொங்கிவிட்டன. டொக்டர் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார். ஆனால் மூச்சு நின்றால் பிடித்துக் கொடுக்கும் யந்திரம் அங்கே இல்லை. இருந்தது கையால் அமுக்கும் காற்றுப்பை ஒன்றுதான். அதை மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியில் பொருத்தி றொசாந்தியின் கையில் கொடுத்து, "எது நடந்தாலும் இதை விட்டிடாதையும்" என்றார்.

அன்றைக்குத் தேசிக்காய் எடுக்கக் கை இல்லை.

நீர்வேலி தாண்டமுன் வல்லிபுரத்தின் நெஞ்சு தானாக அசைவதை நிறுத்திவிட்டது. அவள் அமுக்கினால் ஏறியது, விட்டால் இறங்கியது. பயத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஏச்சு. "ஐயா, தோட்டம் முழுக்கத் தண்ணி இறைக்கிற மனுசனுக்கு ஒரு மூச்சு இழுக்கப் பஞ்சியோ? உங்கடை பிள்ளையாருக்கும் தேங்காய் உடைக்கிறன், எங்கடை அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்திறன். ரெண்டு பேரும் சேந்து வந்து இந்தத் தடிமாட்டைத் தூக்கட்டும்!"

கோப்பாயடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியைக் கடக்க, கனிசியஸ் பிறேக்கை மிதித்தார். வான் குலுங்கி நின்று, மறுபடி பாய்ந்தது. றொசாந்தியின் வயிறு தொண்டைக்கு வந்தது. இரண்டு கையும் காற்றுப்பையில். திரும்ப இடமில்லை. குனிந்து தன் மடியிலேயே சத்தி எடுத்தாள். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. அவை தம் பாட்டில் அமுக்கிக்கொண்டிருந்தன.

பெரியாஸ்பத்திரி வாசலில் ஓடிவந்தவர்கள் வெள்ளுடுப்பின் கோலத்தைப் பார்த்து, நோயாளி அவள்தான் என்று நினைத்து அவளுக்கே தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். "என்னையில்லை! அவரை, அவரை!" என்று கத்தினாள். பையை வேறொருவர் கையில் கொடுத்த பிறகுதான் நிலத்தில் குந்தி அழுதாள்.

சில கிழமைகள் கழித்து வல்லிபுரம் ஒரு பூசணிக்காயோடு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். மருந்துக்குக் காத்திருந்த சனத்துக்கு நடுவே கேட்டார்: "ஆர் பிள்ளை தடிமாடு?"

றொசாந்தி திகைத்துப் போனாள். "ஐயா... உங்களுக்கு நினைவு தப்பியிருந்ததெல்லோ?"

"ஆர் சொன்னது? இமையைத் தூக்கேலாமல் கிடந்தனான். காது ரெண்டும் திறந்துதான் கிடந்தது. உன்ரை ஏச்சு முழுக்கக் கேட்டனான்."

சனம் சிரித்தது. கனிசியஸ் வானுக்குள் இருந்தே சிரித்தார். வல்லிபுரம் விடுவதாயில்லை. "நடுவிலை ஒருக்கா ஏச்சு நிண்டிட்டுது. அப்பதான் எனக்குப் பயம் வந்தது. ஆனால் காத்து நிக்கேல்லைப் பிள்ளை. பேந்து என்ன மணந்தது தெரியுமோ சனங்கள், இவ என்ரை தலைமாட்டிலை..."

"ஐயோ, காணும் ஐயா!" றொசாந்தி முகம் சிவந்து ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். நீட்டிய கை வாயை எட்டவில்லை. அவர் மூக்குக்குக் கீழே, சூடாக வந்து போகிற மூச்சில், விரல்களை வைத்தபடியே நின்றுவிட்டாள்.