அக்கா நீக்க மறுத்த பக்கம்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுதவேண்டும் என்று என் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். என் குற்றத்தை மறைத்துவிட்டு அவருடைய நற்குணங்களை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கொட்டாஞ்சேனையில், துறைமுக எழுதுவினைஞராக இருந்த அப்பாவின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். நான் ஐந்து வயது இளையவன். அப்பாவின் பாட்டனாரான எங்கள் பூட்டனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரட்டஸ்தாந்து போதகர். ஞானஸ்நானம் பெற்றதற்காகத் தகப்பன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். வாந்திபேதிக் காலத்தில் ஒருவரும் தொடாத பிரேதங்களைத் தாமே அடக்கம்பண்ணினார். அதே நோய் அவர் மனைவியையும் கொண்டுபோனது. அதன்பின் அவர் எழுதிய ஜெபங்களும் கீர்த்தனைகளும் அடங்கிய கையெழுத்துக் கொப்பி அப்பாவிடம் இருந்தது.

நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியரானேன். அக்கா ஒரு காப்புறுதிக் கந்தோரில் தட்டெழுத்தாளர். கொப்பி எனக்கே வரும் என்று நம்பியிருந்தேன். அப்பா அதை அக்காவிடம் கொடுத்தார்.

"நீ இதில பிழை பிடிப்பாய். அவள் வாசிப்பாள்," என்றார்.

தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது, அந்தக் கொப்பியைச் சேலைக்குள் செருகிக்கொண்டு அக்கா பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவின் குசினியில் ஒளிந்திருந்தார். என் பட்டச் சான்றிதழ் எரிந்துபோயிற்று. அதற்கும் அவரோடு கோபித்தேன்.

ஓய்வுபெற்றபின், வெள்ளவத்தை மாடிவீட்டில் இருந்து அக்கா பூட்டனாரின் வரலாற்றை எழுதினார். ஆராதனை முடிந்ததும் சபையார் அவரைச் சூழ்ந்து, எவ்வளவு முடிந்தது என்று கேட்பார்கள். தமிழ் படிப்பித்த என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் முதலே போய்க் காருக்குள் இருந்துவிடுவேன்.

எழுதி முடித்ததும் திருத்தித் தரும்படி என்னிடம் தந்தார். வேலை அதிகம் என்று பொய் சொல்லி, எட்டு மாதம் அலுமாரியில் பூட்டிவைத்தேன். அதற்குள் அக்காவுக்குப் புற்றுநோய் என்றார்கள். அன்றைக்குத்தான் எடுத்து வாசித்தேன். நன்றாக எழுதியிருந்தார். ஆனாலும் குறை தேடினேன். ஒரு பக்கம் அகப்பட்டது. இளைய போதகர் ஒருவரின் பாட்டைச் சபை விரும்பியது பொறுக்காமல், ஒரு வருடம் அதைத் தம் ஆலயத்தில் பாடவிடவில்லை என்று பூட்டனார் தம் கொப்பியில் தாமே எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தார். அக்கா அதை அப்படியே சேர்த்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய், இது குடும்பத்துக்கு இழிவு, எடுத்துவிடுங்கள் என்றேன்.

"அவரே ஒளிக்கேல்லை. நான் ஏன் தம்பி ஒளிக்க வேணும்?" என்றார். என் கையைப் பிடித்து, "உனக்குச் சுட்டதோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. எட்டு மாசமா நான் அதைத் திறக்கவேயில்லை."

"தெரியும். திறந்திருந்தா அடுத்த நாளே சண்டைக்கு வந்திருப்பாய்," என்று சிரித்தார். என் கையை விடவில்லை.

இரண்டு கிழமையில் அவர் போய்விட்டார். அச்சகத்தார் நூலின் கடைசி அச்சுப்படியைப் பிழைபார்க்க என்னிடம் அனுப்பினார்கள். ஒரு சொல் சொன்னால் அந்தப் பக்கம் நீக்கப்பட்டிருக்கும். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

அக்காவைத் தூக்கி இருத்திக் கஞ்சி பருக்கிய தாதிமாருக்கும், நாள்தோறும் வந்து ஜெபித்த போதகருக்கும், அடக்க ஆராதனையில் பூட்டனாரின் கீர்த்தனையைப் பாடிய பாடகர் குழுவினருக்கும், மாடிவீட்டு அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கும்.

அக்காவின் நூலை இம்மலருடன் உங்கள் கைகளில் தருகிறேன். இதைவிட நன்றாக என்னால் எழுதியிருக்க முடியாது. அதை ஒப்புக்கொள்ள இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாசியுங்கள்.

தம்பி