தம்பியின் கால்கள்

எண்பதுகளின் கடைசியில், எங்கள் கடைசித் தம்பிக்கு ஆறு வயதில் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. "நோகாம இருக்க, இடுப்புக்குக் கீழ விறைக்கிற ஊசி முதுகில போட்டிருக்கு. அது கனநேரம் நிக்க இன்னொரு மருந்தும் கலந்திருக்கு" என்றார் டொக்டர்.

கண் விழித்த தம்பி அழவில்லை, கால்களும் அசையவில்லை. பதறிப்போன வாப்பா அவன் தொடையில் கிள்ளினார்.

"வாப்பா, ஆர்ட காலக் கிள்ளுறீங்க?" என்று கேட்டான் அவன்.

வாப்பா என் பக்கம் திரும்பினார். "நீதானே படிச்சவன். புள்ள நடப்பானா?"

"ஓம் வாப்பா" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. போர்வைக்குள் கைவிட்டு அவன் பெருவிரலைப் பிடித்தபடி இருந்தேன்.

பின்னேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்கும்போது அந்த விரல் என் கைக்குள் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் "நோகுது" என்று அழத் தொடங்கினான்.

"அழு மகன், நல்லா அழு" என்று வாப்பா சிரித்தார். தாதியிடம் மருந்து கேட்க ஓடும்போது எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு பிள்ளை நோவில் அழ, நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.