பொம்மைக்கு வைத்த ஆக்சிஜன்

என் அத்தை கோபக்காரி என்பது ஏற்காடு கடைவீதிக்கே தெரியும். டாக்டருக்குப் படித்தும் சம்பாதிக்கத் தெரியாதவர் என்பது எங்கள் வீட்டுக்குள் தெரியும். மலைக்குள் இருக்கும் கொட்டச்சேடு கிராமத்தின் சிறிய அரசு ஆஸ்பத்திரியை விட்டு அவர் நகரவில்லை. காபி பறிப்பவர்களுக்கும் மலை விவசாயிகளுக்கும் வேறு டாக்டர் கிடையாது. அங்கே ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும் என்று அவர் கேட்காத அதிகாரியும் கிடையாது.

எனக்கு ஒன்பது வயதில் சிலிண்டர் மலையேறி வந்தது, ஏற்காட்டுக் கோடைக் கண்காட்சிக்கு. ‘மலை மக்கள் நலம்’ என்று எழுதிய அரங்கில், சாமந்திச் சரம் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை மாஸ்க் போட்டுப் படுத்திருந்தது. அப்பாவும் நானும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை ஜீப்பில் வந்து இறங்கினார்.

“ஏனுங்க, இதுல காத்து இருக்குதுங்களா?”

“ஃபுல்லுங்க மேடம்,” என்றார் அரங்கின் அதிகாரி, பெருமையாக.

“குடுங்க. அங்க ஒரு பச்சப்புள்ள மூச்சு வாங்குது. சேலத்துக்குக் கொண்டு போலாம்னா ரோடு பூரா காரு நிக்குது.”

“நாளைக்கு மந்திரி வர்றாருங்க. அப்புறம் சேலத்துக்கே திருப்பி அனுப்போணும். பார்வைக்குன்னு குடுத்ததுங்க இது.”

“பொம்மைக்கு நொம்ப மூச்சு முட்டுதுங்களோ?”

கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. சரத்தை அறுத்து எறிந்தார். பொம்மையின் மாஸ்க்கைப் பிடுங்கினார். சிலிண்டரைச் சாய்த்து ஜீப்புக்கு உருட்டிக்கொண்டே போனார்.

“நம்ம ஊட்டு ஆளுன்னு காட்டிக்காத கண்ணு,” என்றார் அப்பா, என் காதில்.

குழந்தை பிழைத்தது. கண்காட்சி முடிந்ததும் சிலிண்டரை எடுத்துப் போனார்கள். பிறகு அத்தைக்கும் சேலத்துக்கு உத்தரவு வந்தது: நோயாளிகளே வராத ஓர் அலுவலகத்தில் மேசை வேலை. கொட்டச்சேட்டுக்கு வேறு டாக்டரைப் போடவில்லை. அப்பா பதவி உயர்வு என்று சொல்லிக் கடைவீதியில் மைசூர்பாகு கொடுத்தார். குழந்தையைக் காப்பாற்றியதற்குப் பரிசு என்று நானும் பள்ளியில் சொன்னேன்.

அத்தையை அழைத்துவர அப்பாவுடன் நானும் கொட்டச்சேட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் ஏறிய பஸ் புறப்பட்டதும் ஊரே வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. முன்வரிசையில் பிழைத்த குழந்தையின் தாய், மடியில் அந்தக் குழந்தையோடு. போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து ஓரத்தில் விட்டார்கள். அத்தை தலை நிமிரவில்லை.

வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நான் ஜன்னல் வழியாக அவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டினேன்.