சாந்தியின் தொண்டையில் சாமி இல்லை

போன வாரம் ஒரு பெண்மணியின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தேன். அடேங்கப்பா! அந்தப் பரபரப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் மச்சினி மீனா போளூரில் காது, மூக்கு, தொண்டை டாக்டர். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச முகாம் வைத்திருந்தாள். “மாமா, சும்மாதானே இருக்கீங்க, வாங்க” என்றாள். (பத்தி எழுதுகிறவன் சும்மா இருக்கிறான் என்று மச்சினிகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?) வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வது என் வேலை.

மூன்றாவதாக வந்தவர் சாந்தி. சாமை, புளி விளைவிக்கிற குடும்பம். அந்த ஊர் வார்டு மெம்பர். பெயரைச் சொல்லும்போதே குரல் நடுங்கியது.

“பயப்படாதீங்கம்மா, டாக்டர் ஊசியெல்லாம் போட மாட்டாங்க” என்றேன், பெரிய மனுஷத்தனமாக.

“நான் இன்னாத்துக்குப் பயப்படணும்? ரெண்டு வருசமா என் குரலே இப்டித்தான். நீங்க பயம்னு சொல்றீங்க. எங்க ஊர்ல சாமி வந்துடுச்சுன்றாங்க.”

சாமியா?

ஆமாம்! கிராம சபையில் இவர் எழுந்து வாயைத் திறந்தால் போதும், கூட்டம் கும்பிட ஆரம்பித்துவிடுமாம். ஒருத்தர் சூடம் ஏற்றுவார். இன்னொருத்தர், மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று குறி கேட்பார். இவர் கேட்க வந்ததோ பஸ். கீழே கூட்டுரோட்டோடு பஸ் திரும்பிவிடுகிறது. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஏற்றம்.

“போன மாசம் என் தங்கச்சி பொண்ணு பாதி வழியிலயே பெத்துட்டா சார். பஸ்ஸ கேட்டா சூடம் ஏத்துறாங்க. அதிகாரியும் ஒரு கும்பிடு போட்டுட்டு போய்ட்றாரு...” கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று பிற்பகல் அதே பள்ளியில் மறுபடியும் கிராம சபை.

மீனா மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கினாள். “‘ஈ’ன்னு இழுத்துச் சொல்லுங்க.”

திரையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் — குரல்நாண்கள். ஆஹா! சீராக நிற்க வேண்டியவை, விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தன.

“நுரையீரல் காத்து பட்டு இந்த நாண் அதிருது, அதான் குரல்” என்றாள் மீனா. “அதை ஒரே சீரா இழுத்துப் புடிக்கிறது சுத்தியிருக்கிற தசைங்க. இவங்களுக்கு மூளையிலேர்ந்து வர்ற உத்தரவு ஏறி எறங்கி வருது. தசை நொடிக்கு அஞ்சாறு தடவை இழுக்குது, விடுது. அவ்ளோதான் நடுக்கம்.”

“அப்போ பயத்துல நடுங்குறது?”

“அது வேற கதை மாமா. அட்ரினலின் பாயும், மூச்சு வாங்கும், தசை விறைச்சு நடுங்கும். பயம் போனா நின்னுடும்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊருக்கு அது சாமி. எனக்கு அது பயம். ஒரு குரல் நடுங்கினால் உடனே அதற்கு நாமே ஒரு காரணத்தை ஒட்டிவிடுகிறோம்... அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்கிறோமா?

“மருந்து தர்றேன், ஓரளவு குறையும்” என்றாள் மீனா.

“மருந்து இருக்கட்டும் டாக்டரம்மா. மொதல்ல அந்த வீடியோவ என் போனுக்கு அனுப்புங்க.”

பிற்பகல். மீனாவும் நானும் பின்வரிசையில் இருந்தோம். கூட்டத்தில் சாந்தி எழுந்தார். குரல் நடுங்கியது. முன்வரிசைப் பெண்மணி சூடம் ஏற்றத் தீக்குச்சியை உரசினார்.

“நிறுத்துக்கா!” போன் கை மாறிக் கை மாறிப் போனது. “பாருங்க, இது என் தொண்டை. நடுங்குறது தசை. சாமி கோயில்ல இருக்குது. இங்க கேக்குறது சாந்தி. பஸ் இன்னாத்துக்கு மேல வர்ல?”

தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு எழுந்தார் அந்தச் சூடக்கார அம்மா. “அதானே? இன்னாத்துக்கு வர்ல?”

அவ்வளவுதான்! மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. எனக்குப் புல்லரித்தது, நான் வெளியூர்க்காரன் என்பதையே மறந்து கைதட்டினேன். அதிகாரி கும்பிடலாமா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். ஒருத்தரும் கும்பிடவில்லை. வேறு வழியின்றித் தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு, எழுந்து வாசித்தார். “பேருந்தை... ஊர் வரை... இயக்க வேண்டி...”

குரல் கிடுகிடுவென நடுங்கியது.

சூடக்கார அம்மா மீனாவிடம் கவலையோடு கேட்டார். “ஐயோ பாவம், சாருக்கும் தசையா டாக்டரம்மா?”

“இல்லீங்க” என்றாள் மீனா. “இது பயம்.”