வேட்டைக்கு ஒரு பொதுநிலம்

லண்டனில் ஷிப்ட் வேலை செய்து வாழும் ஒருவர், சட்டத்தை மீறாமல் மான் வேட்டைக்குப் போகக்கூடிய பொதுநிலம் எங்கே இருக்கிறது? இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு கோடை முழுவதும் இந்தக் கேள்வியோடு அலைந்தேன். கேட்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் என் அக்காவின் குடும்பம் ஒரே வீட்டில் இருக்குமா, இரண்டு நாடுகளாகப் பிரியுமா என்பது அதற்கான விடையைப் பொறுத்திருந்தது.

அத்தான் நோர்வேயின் வடகோடியில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் மீன் ஆலையில் பல காலம் வேலை செய்தவர். அங்கே வேட்டைப் பரீட்சை எழுதித் தேறி, ஊர்க்காரர்களின் வேட்டைக்குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். செப்டெம்பர் வந்தால் குழுவோடு அரசாங்கக் காட்டுக்குப் போவார். குதிரையிலும் உயரமான ஒரு மானினம் அங்கே உண்டு; அத்தான் அதை வன்னிப் பழக்கத்தில் மரை என்றே சொல்லுவார். சுட்டதைக் குழுவினர் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், சொந்தபந்தங்களுக்கு நடுவில் வளர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றதால் குடும்பம் கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவுக்கு வந்தது. அக்காவுக்குத் துணையாகத் தொலைபேசியில் வாதாடியவன் நான். வாடகை, பள்ளிக்கூடம், வேலை வாய்ப்பு என்று எல்லாவற்றையும் எடைபோட்டுச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் சமூகக் கொள்கை படித்தவன். விளைவுகளை முன்கூட்டியே கணிப்பதுதான் என் படிப்பு என்று நம்பியிருந்தேன். அந்தக் கணிப்பில் செப்டெம்பர் மாதம் இடம்பெறவில்லை.

வந்த அடுத்த கோடையில் ஒருநாள் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"நோர்வேக்கு வேட்டைக்குப் போட்டு வாறன் எண்டு சொல்லுறார். போனால் வரமாட்டார், எனக்குத் தெரியும். நீ படிச்சனிதானே, இஞ்சை ஒரு இடம் பாத்துக் குடு."

"மான் இறைச்சியைக் கடையிலை வாங்கேலாதோ?"

"அதைத்தான் நானும் கேட்டனான். ரெண்டு நாளா மனுசன் என்னோடை கதைக்கேல்லை."

முன்னறையில் இருந்த அத்தானிடம் நேராகவே கேட்டேன். "இடம் கிடைச்சால் இஞ்சையே நிப்பீங்களோ?"

"நிப்பன், தம்பி. அங்கை மாதிரி ஒரு இடமெண்டால் நிப்பன்."

"இடமெண்டால்" என்பது மட்டுமே என் காதில் விழுந்தது. "அங்கை மாதிரி" விழவில்லை.

நூலகத்தில் நிலப்படங்களை விரித்துவைத்துத் தொடங்கினேன். மக்கள் தடையின்றி நடப்பதற்காகப் புதிய சட்டம் ஒன்று திறந்துவிட்ட நிலங்கள் அவற்றில் புதிதாக நிறமிடப்பட்டிருந்தன. அந்தச் சட்டத்தை வரவேற்றுக் கூட்டங்களில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போதுதான் அதை வரிவரியாகப் படித்தேன். நடக்கலாம், உட்காரலாம், பறவை பார்க்கலாம். துவக்கோடு போக முடியாது. பொதுநிலம் என்று பெயர் பெற்ற புல்வெளிக்கும் ஓர் உடைமையாளர் இருந்தார். உயிரோடு திரியும்வரை காட்டுமான் எவருடைய சொத்தும் அல்ல. ஆனால் அதைச் சுடும் உரிமையோ, அது நிற்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கு உரியது. அவர் சம்மதித்தால்தான் துவக்கு அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும்.

இதையெல்லாம் விளக்கியும் அத்தான் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வால்தம்ஸ்டோவைத் தாண்டி எப்பிங் காட்டுக்கு அவரைக் கூட்டிப்போனேன். உள்ளே போய்ச் சிறிது நேரத்திலேயே அவர் குந்தியிருந்து, ஈரமண்ணில் பதிந்த குளம்படி ஒன்றை விரலால் அளந்தார். லண்டனுக்கு வந்தபின் அப்படியொரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. பாதையோரத்துப் பலகையில் இருந்த விதிகளை, வேட்டைக்குத் தடை என்பது உட்பட, அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"நாய் வரலாம், குதிரை வரலாம், சைக்கிளும் வரலாம்" என்று தலையாட்டினார். "மானும் நிக்குது. எங்களுக்கு மட்டும்தான் விசா இல்லை."

இருவரும் சிரித்தோம். ஆனால் ஆகஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் வழி திறந்தது. என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணின் தகப்பன் எசெக்ஸில் கமம் செய்பவர். மான்கள் கூட்டமாக இறங்கிக் கோதுமையை மேய்வதாக அவர் நெடுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். அத்தானைப் பற்றிச் சொன்னதும், கூட்டிவரச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை போனோம். தேநீர் தந்தார், தோப்பின் ஓரத்தில் மான்கள் கடக்கும் இடத்தை நடந்தே காட்டினார். அத்தானின் நோர்வேச் சான்றிதழ்களை மரியாதையோடு பார்த்தார். பணம் எதுவும் வேண்டாம், விண்ணப்பத்துக்குக் கடிதமும் தருகிறேன் என்றார். "வருவதற்கு முதல்நாள் ஒரு போன் பண்ணுங்கள், அது போதும். வழியில் யாராவது மறித்துக் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பிறகு ஒரு தொந்தரவும் இருக்காது."

அத்தான் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். திரும்பும் வழியில் காரில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"என்ன அத்தான், சந்தோசமோ?"

"நல்ல மனுசன்."

"பிறகென்ன?"

"ஆரும் கேட்டால் அவற்ர பேரைச் சொல்லட்டாம்."

"அது ஒரு முறைக்குச் சொல்லுறதுதானே."

"ஓம். பிழையாச் சொல்லேல்லை." கார்க் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "அங்கை ஆரும் கேட்டால் என்ர பேரைச் சொல்லுவன், தம்பி. எங்கட குழுவிலை ஊர் டொக்டரும் இருந்தவர். மரையின்ர காலை ஒரு பக்கம் அவர் தூக்குவார், மற்றப் பக்கம் நான். அந்தக் காட்டுக்கு நாங்கள் ரெண்டுபேரும் ஒரே ஆக்கள்."

காரை ஓட்டும்போதுதான் எனக்குப் புரிந்தது. மான் நிற்கும் இடத்தையும் சட்டம் அனுமதிக்கும் இடத்தையும் நான் தேடியிருந்தேன். அவர் தேடியது, அகதியாகப் போன நாட்டில் தமக்குக் கிடைத்திருந்த ஒரு சம நிலையை. அப்படியொரு நிலம் தென்னிங்கிலாந்தின் எந்தப் படத்திலும் இல்லை என்பதை நூலகத்தில் இருந்த முதல் வாரத்திலேயே நான் அறிந்திருக்க முடியும். அக்காவின் நம்பிக்கையை இவ்வளவு தூரம் வளர்த்திருக்கவும் தேவையில்லை.

கதவைத் திறந்த அக்காவின் முகம் மலர்ந்திருந்தது. "சரிவந்ததாமே! உன்னோடை வேலை செய்யிற பிள்ளை போனிலை சொன்னவள்."

"சரிவந்தது" என்றார் அத்தான். "எனக்கு வேண்டாம்."

அவர் காரணத்தைச் சொல்லி முடிக்கும்வரை அக்கா கதவுப்பிடியை விடவில்லை.

"இஞ்சேருங்கோ, நான் மட்டும் இஞ்சை ஆற்ர பேரையும் சொல்லாமலோ இருக்கிறன்? வீட்டுக்கு அவற்ர கடிதம், வேலைக்கு இவற்ர கடிதம். கவுன்சிலிலை நிண்டு பல்லைக் காட்டிறன். பிள்ளையள் அப்பிடி நிக்கப்படாது எண்டுதானே இந்த ஊருக்கு வந்தனான்!"

"நீ சொல்லுறது சரி" என்றார் அத்தான். "பிள்ளையளுக்கு இந்த ஊர் சரி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருவரில் ஒருவர் சொன்னதாவது பிழையாக இருந்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். அத்தானுக்கு லண்டன் வாழ்வைப் பொறுத்துக்கொள்ள ஓர் உதவி தேவை என்று மட்டும் எண்ணி, அந்த உதவியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். உதவி பெறாமல் நிற்பதற்கு ஓரிடம் அவருக்கு வேண்டியிருந்தது. அக்காவுக்கோ, அப்படியோர் இடத்தை இழந்தாவது பிள்ளைகளுக்கு ஒரு வாழ்வு வேண்டியிருந்தது.

அந்தச் செப்டெம்பரில் அத்தான் நோர்வேக்குப் போனார். மீன் ஆலையில் பழைய வேலையிலேயே சேர்ந்துகொண்டார். அக்காவும் பிள்ளைகளும் பிளேஸ்டோவில் தங்கினார்கள். பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகள் தகப்பனிடம் போய்வரத் தொடங்கினார்கள். சனிக்கிழமைகளில் அவர்களைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போவது அதன்பின் என் பொறுப்பாயிற்று.